கதிர்காமத்துக்குக் கால்நடை வழி

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மலை இல்லை. வற்றாத ஆறும் இல்லை. சுண்ணக்கல்லின்மேல் மெல்லிய மண் போர்த்துக் கிடக்கும் அந்தச் சமதரையில், பனையின் உச்சியும் கோயிற் கோபுரமுமே கண்ணுக்கு எட்டும் உயரங்களாக இருக்க, கிணற்று நீரை நம்பிப் பயிர்செய்து வாழ்ந்த ஜனங்கள், தங்கள் ஊரிலே காணக் கிடையாத மலையையும் ஆற்றையும் பெருங்காட்டையும் நாடி, இலங்கையின் வடமுனையிலிருந்து தென்கோடி வரையில், 300 மைலுக்கு மேற்பட்ட தூரத்தை ஆண்டுதோறும் காலால் நடந்தே கடந்து வந்தார்கள். தோளில் ஒரு மூட்டையோடு தனியே நடந்து, கண்ட இடத்தில் இராத்தங்கி, காடு கடந்து மலையேறித் திரும்புவது இக்காலத்திலே பல தேசத்து வாலிபருக்கு ஓய்வுநாட் பொழுதுபோக்காக இருக்கின்றது; நம் முன்னோருக்கோ அது கதிர்காம யாத்திரையாக இருந்தது. அந்த யாத்திரையின் சரித்திரத்தைச் சற்றே ஆராய்ந்து பார்த்தால், தனியே நடந்தான் என்று நாம் சொல்லும் ஒருவனுக்குப் பின்னால் எத்தனை பேருடைய உபகாரம் நின்றது என்பது புலனாகும்.

கதிர்காமத்தின் பழமை இங்கே விவரித்து முடியக்கூடியதன்று. அருணகிரிநாதர் திருப்புகழிலே அதனைப் பாடியிருக்கிறார். கண்டி இராச்சியத்திலே பல்லாண்டு சிறையிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681-இல் வெளியிட்ட தமது நூலில், அந்நாட்டு மக்கள் கதிர்காமத் தெய்வத்தின்மேல் வைத்திருந்த அச்சத்தைக் குறித்திருக்கிறார். சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள் முருக வழிபாட்டைப்பற்றி எழுதிய கட்டுரை, அவர் மறைந்த 1924-ஆம் ஆண்டிலே றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்தது. மூலஸ்தானத்திலே விக்கிரகம் ஒன்றும் காணாது திரைச்சீலையையே கண்டு வணங்குவதும், யந்திரப் பேழையை யானைமேல் ஏற்றி உலாக் கொண்டுபோவதும், சிங்களக் கப்புறாளைமார் வாயைத் துணியாற் கட்டி மௌனமாகப் பூசை செய்வதும், அதே வளவில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளிவாசல் இருப்பதும் எல்லோரும் அறிந்த விசேஷங்கள். நாம் இங்கே கருதுவது கோயிலையன்று; கோயிலுக்குப் போன வழியை.

யாத்திரைக்கு உரிய காலத்தை நிர்ணயித்தது பஞ்சாங்கம் மாத்திரமன்று, கமக்காரனுடைய வேலைக்கிரமமும் ஆகும். காலபோக நெல்லை அரிவு வெட்டிச் சூடு மிதித்து வீட்டுக்குக் கொண்டுவந்து, புகையிலையை வெட்டி உலர்த்தி விற்றபின், ஆவணி புரட்டாதியில் மறுபடி ஏர் பூட்டும் வரையில், யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்குக் கையிலே சிறிது பொழுதும் மடியிலே சிறிது பணமும் இருக்கும். வைகாசியிலே புறப்பட்டு ஆடித் தீர்த்தத்துக்குக் கதிர்காமம் சேர்வதென்றால் அந்த இடைவெளிக்குள் யாத்திரை அடங்கிவிடும். அன்றியும், அம்மாதங்களிலே சோளகக் காற்று வீசுகின்றபோது கிழக்குக் கரையில் மழை இல்லை. மாரியில் வெள்ளம் புரளும் ஆறுகள் மணலாகி இருக்கும். களப்புகளின் வாய்களிற் பல தூர்ந்து, கடலுக்கும் களப்புக்கும் இடையிலே நடந்து கடக்கத்தக்க மணற்றடமாக மாறியிருக்கும். ஆகவே வைகாசி ஆடி என்னும் காலவரை, உழவும் காற்றும் மழையும் சேர்ந்து யாத்திரிகனுக்கு வகுத்துக் கொடுத்த வாயில் எனலாம். ஆடிப்பிறப்புக்கு ஊரிலே கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும்போது, யாத்திரை போனவர்கள் பெரும்பாலும் மட்டக்களப்புக்கும் அப்பால், காட்டின் ஓரத்தை அடுத்திருப்பார்கள்.

அவர்கள் கொண்டுபோன மூட்டை மிகச் சிறியது. மாற்று வேட்டி ஒன்று, படுக்கவும் போர்க்கவும் உதவும் துப்பட்டி ஒன்று, சோறு காய்ச்சச் சிறு பாத்திரம், தண்ணீருக்குச் சுரைக்குடுவை, பனையோலை உமலிலே கொஞ்சம் அரிசியும் வறுத்த மாவும், நாட்பட்டாலும் கெடாத புழுக்கொடியலும் பனங்கட்டியும் பினாட்டும், திருநீற்றுக்கு ஒரு பை, சில்லறைக்கு ஒரு கொட்டைப்பெட்டி. பனை தந்த இவ்வுணவுகள் கனமற்றவை. ஒரு பிடி புழுக்கொடியலை மென்று தண்ணீர் குடித்தவன் அரைநாள் நடப்பான். வழிநெடுக வாங்கி உண்ணலாம் என்ற நினைவுக்கு இடமில்லாத காலத்திலே, ஏறக்குறைய இரண்டு மாதப் பிரயாணத்துக்கு இவ்வளவே போதுமென்று ஒருவன் துணிந்து புறப்பட்டான் என்றால், அத்துணிவுக்கு ஆதாரம் அவனுடைய மூட்டையில் இருக்கவில்லை, வழியில் இருந்தது.

குடாநாட்டின் பழைய தெருக்களிலே அந்த ஆதாரங்களை இன்றும் அங்கங்கே காணலாம். மடம், கேணி, சுமைதாங்கி, ஆவுரஞ்சிக்கல் என்னும் இவை பெரும்பாலும் ஒன்றுக்கொன்று அணித்தாகவே அமைந்திருக்கும். மடத்தின் திண்ணையில் மனிதன் படுத்தான். கேணியின் சரிவில் இறங்கி அவனுடைய மாடு நீர் குடித்தது. ஆவுரஞ்சிக்கல்லிலே அது தன் தினவைத் தீர்த்துக்கொண்டது. பருத்தித்துறையிலே தெருவின் இருபுறத்தும் திண்ணை எழுப்பி, கற்றூண்கள் நிறுத்தி, தெருவையே உள்ளடக்கிக் கூரையிட்ட தெருமூடி மடம், வழிப்போக்கன் விலகிச் சென்று தேடவேண்டாதபடி அவன் நடக்கும் தடத்தின்மேலேயே நிழலை நிறுத்திய ஓர் அற்புதமான யோசனை. ஆறுகால்மடம் முதலான இடப்பெயர்களும் அந்தத் தருமத்தின் அடையாளமாகவே இன்றும் வழங்குகின்றன.

இவையெல்லாவற்றுள்ளும் தனிவழி நடந்தவனுக்கு உற்ற துணை சுமைதாங்கியே. நெஞ்சளவு உயரத்தில் இரண்டு கல்லை நாட்டி, அவற்றின்மேல் ஒரு கல்லைக் குறுக்கே கிடத்தியிருப்பார்கள். அதற்குமேல் அதில் வேலைப்பாடு ஒன்றும் கிடையாது. ஆனால் தலைச்சுமையோடு நடந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாரத்தைத் தரையில் இறக்கிவிட்டால், மறுபடி தலைக்கு ஏற்றிவிட இன்னொருவர் கை வேண்டும். ஆளரவமற்ற வெளியிலே அந்தக் கைக்கு எங்கே போவது? சுமைதாங்கியிலே தலையைச் சற்றுத் தாழ்த்திச் சுமையைத் தள்ளிவைத்து, இளைப்பாறியபின் அதேவிதமாகத் தானே தலைக்கு வாங்கிக்கொண்டு நடக்கலாம். அதாவது, உடன் வராத இரண்டாவது மனிதனுக்குப் பிரதியாக ஒருவர் அங்கே கல்லை நிறுத்தியிருக்கிறார். கருவோடு இறந்த பெண்ணின் ஞாபகமாக, இறக்கி வைக்க முடியாமற் போன அவளுடைய பாரத்தை நினைந்து, அவளுடைய உறவினர் சுமைதாங்கி நாட்டுவது சம்பிரதாயமாக இருந்தது. ஒரு வீட்டின் துக்கம், முன்பின் அறியாத வழிப்போக்கர் எல்லோருக்கும் உபகாரமாக மாறிய இந்த வழக்கத்துக்கு ஈடாகச் சொல்லத்தக்கது, உலகத்து யாத்திரை வழிகளிலே அதிகம் இராது.

ஆயினும், இந்தத் தருமத்தின் பெருமையை மாத்திரம் சொல்லி மற்றதை மறைத்துவிடுதல் நியாயமாகாது. சாதி வழக்கம் கடுமையாக இருந்த யாழ்ப்பாணத்திலே, மடத்துத் திண்ணையில் ஏறவும் கிணற்றிலே தண்ணீர் அள்ளவும் எல்லோருக்கும் ஒருபடித்தான உரிமை இருந்ததில்லை. பிறர் வந்து ஊற்றும்வரை கிணற்றடியிலே கைகட்டி நின்ற தாகத்தையும் அத்தெருக்கள் கண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட சமூகத்திலே கதிர்காம யாத்திரையின் ஒழுங்கு ஒருவகையில் விலக்காக இருந்தது. வழியிறங்கியவன் ஊரும் குலமும் பெயரும் விட்டவன். ஆணாயினும் பெண்ணாயினும், பெரியோராயினும் சிறியோராயினும், கண்டவர் அவரைச் ‘சாமி’ என்றே அழைப்பர். அவரும் பிறரைச் ‘சாமி’ என்றே அழைப்பார். ஊர் திரும்பியதும் பழைய வேற்றுமைகள் திரும்பின என்பது மெய்தான். எனினும் இரண்டு மாதம் வேறொரு விதமாக வாழ்ந்து பார்த்ததன் ஞாபகம் முற்றும் வீணாகியிருக்க முடியாது.

யாத்திரைக்குத் தலைவாயில் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி. கதிர்காமத்தைப் போலவே இங்கும் பிராமணரல்லாத பூசகர் வாய் கட்டிப் பூசை செய்வர். ஆலமிலையிலே அமுது படைப்பர். கரையோர மக்களில் ஒருவராகிய மருதர் கதிர்காமர் என்பவருக்கு முருகன் அருளிய வழிபாடு இது என்பது ஐதிகம். சுற்றிலும் மடங்கள் நிறைந்து, வந்தவர்க்கெல்லாம் சோறிடும் காரணத்தால் இக்கோயிலுடையானை அன்னதானக் கந்தன் என்பார்கள். இங்கே வேல் எடுத்துப் புறப்பட்டவர்கள், வடமராட்சி கிழக்கின் மணல்வெளியாலே நாகர்கோயிலும் சுண்டிக்குளமும் கடந்து முல்லைத்தீவை அடைந்து, கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகை அம்மனுடைய வைகாசிப் பொங்கலைத் தரிசிப்பர். தனித்தனியே வந்தவர்கள் கூட்டமாகச் சேர்வதற்கும் அப்பொங்கல் ஏற்ற தருணம். அப்பால் கொக்கிளாய், தென்னமரவாடி, திரியாய், குச்சவெளி, நிலாவெளி வழியாகத் திருகோணமலைக் கோணேசர் சந்நிதி. மூதூர் கடந்து வெருகல். பின்பு சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், காரைதீவு, திருக்கோவில், பொத்துவில், பாணமை என்று வழி நீளும்.

இப்பெயர் வரிசையை வரைபடத்திலே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஒரு கோயிலிலிருந்து மறு கோயிலுக்கு உள்ள தூரம் ஒரு நாள் அல்லது சில நாள் நடை. ஒவ்வொரு கோயிலைச் சூழவும் யாத்திரிகரை எதிர்பார்த்திருக்கும் ஓர் ஊர். மட்டக்களப்புப் பகுதியிலே யாத்திரிகருக்குச் சோறு கொடுப்பது வீட்டாரின் பாக்கியமாகக் கருதப்பட்டது. யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன் என்று கிழக்கிலும், மட்டக்களப்பான் மந்திரக்காரன் என்று வடக்கிலும் வேடிக்கையாகப் பேசிக்கொண்ட இரு திறத்தாரும், ஆண்டுக்கொருமுறை ஒருவர் வாசலில் ஒருவர் இலைபோட்டு உண்ட உறவு இந்த வழியாலேயே வளர்ந்தது. அரசினர் வெட்டிய பெருந்தெருக்கள் ஒவ்வொரு மாகாணத்தையும் கொழும்போடு தொடுத்தன. வடக்கையும் கிழக்கையும் ஒன்றோடொன்று தொடுத்தது யாத்திரிகருடைய அடித்தடம்.

உகந்தையிலே அந்த ஊர்வரிசை முடிந்துவிடும். கடலோரப் பாறைமேல் உள்ள முருகன் கோயிலை வணங்கி, ஐந்தாறு நாளைக்கு வேண்டிய அரிசியைக் கட்டிக்கொண்டு, ‘அரோகரா’ என்று எல்லோரும் ஒருமிக்கக் கூவிக் காட்டுக்குள் அடியெடுத்து வைத்தபின், மடமும் இல்லை, கேணியும் இல்லை, சுமைதாங்கியும் இல்லை. குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று தங்குமிடங்களுக்குப் பெயர் உண்டேயன்றி வீடு கிடையாது. நீர் வற்றிய ஆற்றுமணலைக் கையால் அகழ்ந்து, ஊறி வரும் நீரைத் துணியால் வடித்துக் குடிக்கவேண்டும். பொழுது சாயுமுன்னே சுள்ளி பொறுக்கி, மருத மரத்தின் கீழே தீ மூட்டி, அதைச் சுற்றிப் படுக்கவேண்டும். யானையும் சிறுத்தையும் உள்ள காடாயினும், அனுபவசாலிகள் மிகுதியும் அஞ்சியது கரடிக்கே. பாலைப்பழம் பழுக்கும் பருவமும் யாத்திரைப் பருவமும் ஒன்றாக இருத்தலால், பழத்துக்காக மரமேறிய கரடி, கீழே வந்தவனைக் கண்டு வெருண்டு பாய்வது உண்டு. ஆகையால் எவ்வளவு பெரிய விரத்தனும் இந்தப் பகுதியிலே தனியே நடப்பதில்லை. வலியவன் முன்னும் பின்னும் நிற்க, முதியோரும் பிள்ளைகளும் நடுவே செல்ல, இரவிலே முறைவைத்துத் தீயைக் காப்பார்கள். ஊரிலே கல்லால் அமைந்திருந்த துணை, காட்டிலே மனிதராலேயே அமைந்தது.

இவ்வாறு மாணிக்க கங்கையை அடைந்து நீராடியவர்கள், ஆயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கதிரமலையின் உச்சிவரை ஏறினார்கள். வாழ்நாளெல்லாம் சமதரையையே கண்டிருந்த ஒரு கமக்காரன், அங்கிருந்து தான் நடந்துவந்த காட்டைக் கீழே பார்த்தபோது என்ன நினைத்திருப்பான் என்பதை அவனே எழுதி வைக்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் பாட்டாகப் பாடினார்கள். நவாலியூர் சோமசுந்தரப் புலவருடைய கதிரைச் சிலேடை வெண்பா அவற்றுள் ஒன்று.

ஆங்கில அரசினர் இந்த யாத்திரையை முதலிலே சந்தேகத்துடனேயே நோக்கினார்கள். கூட்டம் கூடும் இடத்திலே வாந்திபேதி பரவி, திரும்பும் யாத்திரிகரோடு ஊர்களுக்குப் போய்ச் சேரும் என்ற அச்சத்தால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாத்திரைக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் திருவிழாக் காலத்திலே கதிர்காமம் சென்று மேற்பார்வை செய்யவேண்டியிருந்தது. 1908 முதல் 1911 வரை அப்பதவியில் இருந்தவர் லெனாட் வுல்ஃப். பின்னாளிலே இங்கிலாந்தில் எழுத்தாளராகப் பிரசித்தி பெற்ற இவர், அதற்குமுன் 1905 முதல் 1907 வரை யாழ்ப்பாணக் கச்சேரியிலே கடமை பார்த்தவர். யாத்திரை தொடங்கும் நாட்டையும் அது முடியும் காட்டையும் உத்தியோக முறையில் அறிந்திருந்த அவர், 1913-இல் வெளியிட்ட தமது காட்டுக் கிராம நாவலிலே, தெய்வம் உறையும் காட்டூர் ஒன்றுக்குப் போகும் யாத்திரையை அமைத்திருக்கிறார்.

அரசினருடைய கட்டுப்பாடு குறைக்க முடியாததை இருப்புப்பாதை குறைத்தது. தெற்கே மாத்தறைவரை 1895-இலேயே ரெயில் ஓடிற்று. 1905-இல் யாழ்ப்பாணமும் கொழும்போடு இணைந்தது. அதன்பின், யாழ்ப்பாணத்தில் ஏறி மாத்தறையில் இறங்கி, எஞ்சிய தூரத்தை வண்டியிலும் நடையிலும் கழித்து, சில நாளிலே கதிர்காமம் சேர்தல் சாத்தியமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திஸ்ஸமகாராமையிலிருந்து மோட்டார் தெருவும் வந்தது. சௌகரியம் வந்தபின் அசௌகரியத்தை விரும்பித் தெரிந்தெடுப்போர் சிலரே. நேர்த்திக்கடன் உள்ளவர்களும் சாதுக்களுமே கால்நடை வழியிலே எஞ்சினர். கொழும்புத்துறை யோகர் சுவாமிகள் கால்நடையாகக் கதிர்காமம் சென்றவர். அவருடைய சீடரும், ஜேர்மன் சுவாமி என்று ஊரார் அழைத்தவரும், செல்வச்சந்நிதிச் சூழலிலே வாழ்ந்தவருமாகிய கௌரிபாலா சுவாமியும் அவ்வழியைக் கைவிடாதவர்களில் ஒருவர்.

இதற்கிடையிலே காட்டின் நிலைமையும் மாறிற்று. 1900-இலே யால காப்புக் காடாயிற்று. தென்னாபிரிக்கப் போரிலே கைதியாகி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட எங்கல்பிரெக்ட் என்பவர் அதன் முதற் காவலரானார். 1938-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குமணைப் பகுதியும் பின்னர் அவ்வாறே பூங்காவாயிற்று. பூங்காச் சட்டத்தின்படி, பார்வையாளர் வண்டியை விட்டு இறங்கி உள்ளே நடத்தல் கூடாது. அவர்கள் பலகணி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பும் அதே நிலத்திலே, ஆண்டில் சில நாள் மாத்திரம் உகந்தை வாயில் திறக்கப்பட, யாத்திரிகர் காலால் நடக்கவும் மண்ணிற் படுக்கவும் அனுமதி உண்டு. சட்டத்தினும் மூத்த ஒரு வழக்கத்துக்குச் சட்டம் விட்டுக்கொடுத்த வழி அது.

யுத்தம் வந்தபோது அந்த வழியும் அறுந்தது. 1983-க்குப் பின் வடக்கிலிருந்து கரையோரமாக நடப்பது இயலாததாயிற்று. கோயிலுக்குக் கோயில் இருந்த ஊர்களிற் பல வெறுமையாயின. காட்டுப் பூங்காவின் கிழக்குப் பகுதியும் நெடுங்காலம் மூடிக் கிடந்தது. 1972-இலே கௌரிபாலா சுவாமியோடு நடந்த அமெரிக்கரான பற்றிக் ஹரிகன் முதலியோர், 1988-இலே கிழக்குக் கரையோரமாக யாத்திரையை மீளத் தொடக்கினார்கள். 2009-இலே யுத்தம் முடிந்தபின், செல்வச்சந்நிதியிலிருந்தும் வேல் தாங்கிப் புறப்படும் வழக்கம் திரும்பிற்று. இன்று உகந்தைக் காட்டைக் கடப்போர் பல்லாயிரவர். தமிழரோடு சிங்களரும் அவர்களுள் உளர். ஊற்றுத் தோண்டிய இடங்களிலே தண்ணீர்த் தாங்கிகள் வைக்கப்படுகின்றன. யாத்திரிகர் எறிந்துபோகும் பிளாஸ்டிக் போத்தல்களோ காட்டதிகாரிகளுக்குப் பெருங்கவலையாகியிருக்கின்றன.

அமெரிக்காவிலே மலைக்காடுகளைத் தேசியப் பூங்காக்களாகக் காக்கப் பாடுபட்ட ஜோன் மியூர், சிறிது ரொட்டியும் தேயிலையும் கொண்டு சியரா மலைகளிலே நாட்கணக்காகத் தனியே அலைந்தவர். அவர் வழிவந்த இக்காலத்து மலைநடைக்காரர், கூடாரம், அடுப்பு, உணவு எல்லாவற்றையும் முதுகிலேயே சுமந்து சென்று, ஒருவர் தயவும் இன்றி ஓர் இரவைக் கழித்துத் திரும்புவதிலே பெருமை காண்கிறார்கள். தாம் தங்கிய இடத்திலே தம் சுவடு ஒன்றும் இராதபடி எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவருதல் அவர்களுடைய ஒழுக்கம். பிறர் தயவை இகழ்ச்சியாக எண்ணாத நம் முன்னோர், தாம் நடந்த வழியிலே கேணியையும் கல்லையும் திண்ணையையும் விட்டுச் சென்றார்கள். காட்டுக்கு அந்நிய ஒழுக்கமும் ஊருக்கு நம்முடைய ஒழுக்கமும் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம். இரண்டும் பின்னே வருகிறவனை நினைத்துப் பிறந்தவையாதலால், உகந்தைக்கு அப்பால் ஒரு போத்தலையும் எறியாதிருப்பவனும், உகந்தைக்கு இப்பால் ஒரு குடம் தண்ணீர் வைப்பவனும் ஒரே வழியில் நடப்பவர்கள்.